யாழ்ப்பாணத்து மாரியைச் சின்னக் கார் தாங்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுசுகியின் வகன் ஆர், அல்ட்டோ, ரொயோட்டாவின் விட்ஸ், அக்குவா. யாழ்ப்பாணத்து வீட்டு வாசல்களில் நிற்கிற கார்களில் பெரும்பாலானவை இந்த அளவுதான். கோடை முழுக்க ஒரு குறையும் சொல்லாமல் ஓடும். ஐப்பசி பிறந்து முதல் பெருமழை பெய்ததும், வைத்திருப்பவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரே மாதிரியான கேள்விகள் வரும். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒன்றாகத் தந்திருக்கிறேன்.

நாங்கள் வீட்டில் ஐந்து பேர். சின்னக் கார் போதுமா, கொஞ்சம் பெரிதாகப் பார்ப்பதா?

தினமும் பள்ளிக்கூடம், சந்தை, கோயில், ஆஸ்பத்திரி என்று ஓடுகிற வீட்டுக்குச் சின்னக் கார் போதும். போதும் என்பதற்கு மேலாக, அதுதான் பொருத்தம் என்றே சொல்வேன். எங்கள் ஒழுங்கைகளை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் மதில், அல்லது கதியால் வேலி. நடுவில் ஒரு வாகனம் போகத்தான் இடம். ஜப்பானிய வகன் ஆரின் அகலம் 1,475 மி.மீ., நீளம் 3,395 மி.மீ. எதிரே ஓட்டோ வந்தால் வேலியோடு ஒதுங்கி வழிவிடலாம். கஸ்தூரியார் வீதியிலோ ஆஸ்பத்திரி வீதியிலோ நிறுத்த இடம் தேடும்போதும் இந்த அளவின் அருமை தெரியும்.

ஐந்து பேரும் சேர்ந்து அடிக்கடி தூரப் பயணம் போகிறவர்கள் என்றால் மட்டும் யோசியுங்கள். ஜப்பானில் ஓடுவதற்காகச் செய்த வகன் ஆர் நான்கு பேருக்கான வாகனம். பின் இருக்கையில் மூன்றாவது ஆளை நெருக்கி ஏற்றினால் அவருக்கு இருக்கைப் பட்டி இராது.

அப்படியானால் எதை வாங்கலாம்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இங்கே இருந்த கார்களே கை மாறிக்கொண்டிருந்தன. அதனால் நீங்கள் பார்க்கப் போகிற கார் அநேகமாகப் பழையதாகவே இருக்கும். எந்த மாடல் என்பதைவிட எப்படி வைத்திருந்தார்கள் என்பதைப் பாருங்கள்.

மாடலைப் பற்றியும் கேட்டால் என் அபிப்பிராயம் இது. இந்திய அல்ட்டோ 800இன் எஞ்சின் 796 சிசி, தரையிலிருந்து உயரம் 160 மி.மீ. குண்டும் குழியுமான பாதைக்கு அது நல்லது. பாகங்களும் மலிவு. வகன் ஆருக்கு 658 சிசி. உயரமான இருக்கை, அகலத் திறக்கும் கதவு. முழங்கால் வருத்தம் உள்ள அம்மம்மாவை ஏற்றி இறக்க அதைவிட வசதியான சின்னக் கார் இல்லை. 1,000 சிசி விட்ஸ் சிக்கல் குறைந்த, நம்பி எடுக்கக்கூடிய கார். அக்குவா 1,500 சிசி ஹைபிரிட். ஓடச் சுகமானது, ஆனால் தரையிலிருந்து உயரம் 140 மி.மீ. மட்டும்தான். அல்ட்டோவுக்கும் அதற்கும் உள்ள இந்த இரண்டு சென்ரிமீற்றர் வித்தியாசம் கோடையில் தெரியாது, கார்த்திகையில் தெரியும்.

லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்?

ஜப்பானியச் சோதனைக் கணக்கை நம்பி வாங்காதீர்கள். அக்குவாவுக்கு அங்கே 35க்கு மேல் சொல்வார்கள். யாழ்ப்பாண நகருக்குள் ஏசியும் போட்டு ஓடினால் 20ஐ ஒட்டிக் கிடைத்தாலே நல்லது. மாரியில் எல்லாக் காருக்குமே இது இன்னும் குறையும். தண்ணீரை விலக்கிக்கொண்டு ஓட எஞ்சினுக்கு உழைப்புக் கூடுதல், மூடிய கண்ணாடியோடு ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், வேகமும் சீராக இராது. 92 ஒக்ரேன் பெற்றோல் இந்தக் கார்களுக்குப் போதும்.

கொழும்புக்குப் போய்வர முடியுமா?

தாராளமாக. ஏறத்தாழ 400 கிலோமீற்றர், பாதையும் நல்லது. ஏ9 வீதியில் செம்மணி தாண்டினால் ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா என்று பெரும்பாலும் சமதரைதான். 658 சிசி எஞ்சின் நான்கு பேரையும் பொதிகளையும் ஏசியையும் சேர்த்து இழுக்கும். முந்துவதற்கு மட்டும் அதனிடம் பலம் குறைவு. 52 குதிரைவலுதான் அதற்கு. ஒரு பவுசரை முந்தத் தேவையான வெறும் பாதையை விட்ஸுக்குப் பார்ப்பதைவிட நீளமாகப் பாருங்கள். ஊர்மனைக்குள் 50, வெளியே 70 என்ற வேக எல்லைக்குள் ஓடுகிறவர்களுக்கு அடிக்கடி முந்த வேண்டியும் வராது.

வெள்ளம் நிற்கிற பாதையில் எவ்வளவு ஆழம் வரை இறக்கலாம்?

இந்தப் பக்கத்தில் எதை வாசிக்காவிட்டாலும் இதை வாசியுங்கள். யாழ்ப்பாணத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதத்துக்குள் கொட்டிவிடும். நிலமோ தட்டை. ஓடிப் போகச் சரிவு இல்லாததால் தண்ணீர் நின்று, மெல்ல மெல்லத்தான் வடியும். 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த மழையை ஊர் இன்னும் மறக்கவில்லை. அந்தளவு போகாவிட்டாலும் ஒவ்வொரு மாரியிலும் பள்ளமான ஒழுங்கைகள் குளமாகத்தான் செய்கின்றன.

காரின் அடித்தட்டைத் தொடாத தண்ணீர், அதாவது சுமார் 15 சென்ரிமீற்றர் (அக்குவாவுக்கு 14க்குள்), பயமில்லாத அளவு. அதற்கு மேலே ஏறினால் தண்ணீர் அடித்தட்டில் இடிக்கத் தொடங்கும். இந்தக் கார்களின் சில்லு நடு, தரையிலிருந்து ஏறத்தாழ 27 சென்ரிமீற்றர். தண்ணீர் அதுவரை வந்தால் திரும்பிப் போங்கள். அவசரம் எதுவானாலும் சரி. வகன் ஆர், அல்ட்டோ எல்லாம் 800 கிலோவுக்குள் அடங்கிற கார்கள். முழங்கால் அளவு ஓடுகிற தண்ணீரில் அவை மிதந்து பக்கவாட்டில் இழுபடும். மதகுகளுக்குப் பக்கத்திலும் பாலத்து அணைகளிலும் இந்த ஆபத்து மிக அதிகம்.

ஆழம் தெரியாவிட்டால் முதலில் ஒரு மோட்டார் சைக்கிளோ ஓட்டோவோ போகும்வரை பொறுத்திருந்து, அதன் சில்லில் தண்ணீர் எதுவரை வருகிறது என்று பாருங்கள். யாரும் வராவிட்டால் வேலிக் கதியாலையும் மதிலையும் பாருங்கள், நனைந்த கோடு தெரியும். வீதியோர வெள்ளவாய்க்கால் எங்கே முடிகிறது, தார் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத இடத்தில் இறக்கவே வேண்டாம். மாரியில் கார் கவிழ்வதும் சில்லு இறங்குவதும் பெரும்பாலும் மூடியில்லாத வாய்க்காலுக்குள்தான்.

இறக்குவது என்று முடிவெடுத்தால் பாதையின் நடுவால் போங்கள். பெரும்பாலான தார் வீதிகளுக்கு நடுப்பகுதிதான் உயரம். கையால் கியர் போடுகிற கார் என்றால் முதலாம் கியர், தானாகக் கியர் மாறுகிற கார் என்றால் 'L'. நடைவேகத்தில், அக்சிலரேற்றரை ஒரே சீராகப் பிடித்தபடி. எஞ்சின் தானாக நின்று தானாக ஸ்ராற் ஆகும் வசதி வகன் ஆரில் இருந்தால் தண்ணீருக்குள் இறங்கும் முன்பே அந்தப் பொத்தானை அழுத்தி நிறுத்திவிடுங்கள். புகைக்குழாய் தண்ணீருக்குள் இருக்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டே இருப்பதுதான் நல்லது.

எதிரே பஸ் வந்தால் இறக்காதீர்கள், அது கடந்து போகட்டும். பஸ் தள்ளிவிடும் அலை உங்கள் பொனற்றுக்கு மேலே ஏறும். காற்று இழுக்கிற குழாயின் வாய், பல சின்னக் கார்களில் முன் விளக்குக்குப் பின்னால், பொனற்றின் விளிம்பை ஒட்டி இருக்கிறது. நின்ற தண்ணீர் எட்டாத அந்த வாயை ஒரு அலை எட்டிவிடும்.

வெளியே வந்ததும் பத்துப் பதினைந்து தடவை பிறேக்கை மெல்லத் தொட்டு விடுங்கள். பின் சில்லு டிரம் பிறேக்குக்குள் புகுந்த தண்ணீர் காயும்வரை பிறேக் சரியாகப் பிடிக்காது. அன்றிரவு பார்க்கிங் பிறேக்கைப் போட்டு வைக்காமல், சமதரையில் கியரிலோ 'P' நிலையிலோ விட்டு, சில்லுக்கு ஒரு கல்லும் அணை கொடுத்து விடுங்கள். ஈரத்தோடு பிடித்திருக்கும் பிறேக் விடிவதற்குள் துருவோடு ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டது. திரும்ப ஸ்ராற் பண்ணலாமா?

வேண்டவே வேண்டாம். ஒரு தடவைகூட. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்ரனால் அதை அமுக்க முடியாது. நீங்கள் ஸ்ராற் பண்ணுகிற வேகத்தில் கொனெக்ரிங் ரொட் வளைந்துபோகும். அதுவரை எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாமலே இருந்திருக்கலாம். அந்த ஒரு திருகல்தான் எஞ்சினைக் கழற்ற வைக்கும். இறங்கித் தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோங்கள். மெக்கானிக் வந்து பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் தண்ணீர் வெளியே வந்துவிடும். எயார் ஃபில்ரர் நனைந்திருக்கிறதா, எண்ணெய்க் கம்பியில் எண்ணெய் பால்நிறமாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்ராற்.

காப்புறுதி வைத்திருப்பவர்கள் இயற்கை அனர்த்தம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று புரட்டாதியிலேயே பார்த்து வையுங்கள்.

ஹைபிரிட் கார் தண்ணீருக்குள் போனால் மின்சாரம் தாக்குமா?

தாக்காது. உயர் மின்னழுத்தப் பகுதி முழுவதும் உடலோடு தொடர்பில்லாமல் காப்பிடப்பட்டிருக்கிறது. கசிவு கண்டால் கார் தானே இணைப்பைத் துண்டித்துவிடும். செம்மஞ்சள் நிற வயர்களை மட்டும் நீங்களோ, ஹைபிரிட் பழக்கமில்லாத கராஜோ தொடக்கூடாது. பயப்பட வேண்டியது செலவுக்குத்தான். அக்குவாவின் பெரிய பற்றரி பின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. உட்தரைக்கு மேலே வெள்ளம் ஏறினால் அது பழுதாகும். வகன் ஆர் ஹைபிரிட்டில் சிறிய லிதியம் பற்றரி முன் இருக்கைக்கு அடியில்.

அக்குவாக்காரருக்கு இன்னொன்று: பின் இருக்கையின் கீழே பக்கவாட்டில் ஒரு காற்றுச் சல்லடை இருக்கும். பற்றரியைக் குளிர்விக்கிற காற்று அதற்குள்ளால்தான் போகிறது. செம்மண் தூசி அதில் அடைத்துக்கொள்ளும். சேர்விஸுக்கு விடும் ஒவ்வொரு முறையும் துப்புரவாக்கச் சொல்லுங்கள்.

கனடாவில் இருக்கும் அண்ணா குளிர்கால ரயர் போடு என்கிறார். இங்கே தேவையா?

தேவையில்லை, போடவும் கூடாது. குளிர்கால ரயரின் றப்பர் 7 பாகைக்குக் கீழேயும் இறுகாமல் மெதுவாக இருக்கும்படி செய்யப்பட்டது. கியூபெக்கில் டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். அந்தப் பனிக்கு அது வேண்டும். யாழ்ப்பாணத்தில் மார்கழி விடியற்காலையில்கூட 20 பாகைக்குக் கீழே போவது அரிது. இந்தச் சூட்டில் அந்த றப்பர் குழைந்து சீக்கிரம் தேயும், பிறேக் பிடித்தால் நிற்கிற தூரமும் கூடும். ஜப்பானில் இருந்து வந்த கார்களில் சிலவேளை ஸ்டட்லெஸ் என்று எழுதிய ரயரோடேயே இறங்கியிருக்கும், அதுவும் குளிர்கால ரயர்தான். பூ (ரயரின் மேலே வெட்டியிருக்கும் வரிகள்) நிறைய இருக்கிறது, புதுசு மாதிரி இருக்கிறது என்று விட்டுவைக்காமல் மாற்றுங்கள்.

அண்ணா சொல்வதன் உள்ளர்த்தம் மட்டும் சரி. காலம் மாறினால் முதலில் ரயரைப் பார்க்க வேண்டும். மழைப் பாதையில் உங்கள் காரைப் பிடித்து வைத்திருப்பது உள்ளங்கை அளவு நான்கு இடங்கள்தான். பூ நன்றாக இருந்தால் தண்ணீரை வெளியே தள்ளும். தேய்ந்திருந்தால் தண்ணீரின் மேலே வழுக்கிக்கொண்டு போகும், அந்த நேரம் ஸ்ரியறிங்கும் பிறேக்கும் கையில் இல்லை. நின்ற தண்ணீரில் 80ஐத் தாண்டினால் நல்ல ரயரையே நம்ப முடியாது, தேய்ந்த ரயர் அதற்கு முன்பே மிதக்கும். பூவுக்கு நடுவே குறுக்காக ஓடும் சின்ன மேடுகள் 1.6 மி.மீ. உயரம். பூ அந்த மட்டத்துக்கு வந்தால் ரயர் முடிந்தது என்று அர்த்தம். மாரியைக் கடப்பதற்கு 3 மி.மீ.யாவது வேண்டும் என்பது என் கணக்கு. பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் ரயர் செய்த வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. அதிகம் ஓடாமல் நின்ற காரில் பூ இருக்கும், றப்பர் காய்ந்து வெடித்திருக்கும்.

காற்றழுத்தத்தை வழக்கத்துக்கு "முப்பது அடியுங்கோ" என்று சொல்லாமல், ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருப்பதைப் பார்த்துச் சொல்லுங்கள். ஜப்பானியக் கார்களில் அது கிலோபாஸ்கலில் இருக்கும். ஏழால் பிரித்தால் ரயர் கடைக்காரருக்குச் சொல்கிற இலக்கம் வரும்.

மழையிலும் மாசிப் பனியிலும் கண்ணாடி மூடிக்கொள்கிறது. என்ன செய்வது?

முதலில் விரலால் தொட்டுப் பாருங்கள். உள்ளே மூடியிருந்தால் ஏசியைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி விடுங்கள். குளிர் தாங்காவிட்டால் சூட்டையும் சேர்த்து வையுங்கள், ஏசியை மட்டும் நிறுத்தாதீர்கள். ஈரத்தை உறிஞ்சுவது அதுதான். வெளியே மூடியிருந்தால் கண்ணாடி அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிட்டது. ஏசியைக் குறைத்து வைப்பரை ஒருமுறை ஓட விடுங்கள். மாசிப் பனி மூசிப் பெய்கிற விடியற்காலைகளில் இந்த இரண்டையும் மாறி மாறிப் பார்க்க நேரும்.

வைப்பர் றப்பர் கோடை வெயிலில் காய்ந்துவிடும். புரட்டாதியில் மாற்றுங்கள். பெரிய செலவில்லை.

பண்ணைப் பாலத்தில் காற்று காரைத் தள்ளுகிறதே?

தள்ளும். வகன் ஆரின் உயரம் 1.6 மீற்றருக்கு மேல், எடையோ குறைவு. பண்ணை, பொன்னாலை, வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகிற தாம்போதி, பூநகரிப் பக்கம் சங்குப்பிட்டிப் பாலம் எங்கும் மறைப்பே இல்லை. ஆனியில் சோளகமும் மார்கழியில் வாடையும் பக்கவாட்டில்தான் அடிக்கும். 50க்குக் கீழே, இரண்டு கையாலும் பிடித்து ஓடுங்கள். எதிரே பஸ் கடக்கும் கணத்தில் காற்று ஒருமுறை நின்று மறுபடி அடிக்கும். அந்த இடத்தில் ஸ்ரியறிங்கை வெட்டி ஒடிக்கக் கூடாது.

கடல் உப்பில் கார் துருப்பிடிக்காமல் எப்படிக் காப்பது?

யாழ்ப்பாணத்துக் கார்களுக்கு மாரியைவிடப் பெரிய எதிரி உப்பு. வெள்ளம் ஒரு நாளில் சேதம் செய்யும், கண்ணுக்கும் தெரியும். உப்பு ஆண்டுக்கணக்கில் அடியில் இருந்து தின்னும். தீவுப் பகுதிக்குத் தினமும் வேலைக்குப் போய்வருகிற ஆசிரியர்கள், தாதியரின் கார்களைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். கதவின் கீழ் விளிம்பு, பின் சில்லு வளைவின் உட்புறம், புகைக்குழாய் தொங்குகிற கொளுக்கி என்று முதலில் போவது இந்த இடங்கள்தான்.

தாம்போதியால் ஓடுகிறவர்கள் வாரம் ஒருமுறையாவது அடிப்பக்கத்துக்குத் தண்ணீர் அடிக்க வேண்டும். எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். ஊர்காவற்றுறை, காரைநகர்ப் பக்கத்துக் கிணறுகள் பல உவர். அந்தத் தண்ணீரில் கழுவினால் உப்பை உப்பால் கழுவுவதுதான் நடக்கும். மாரியில் கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைத்தால் காருக்கு அதைவிட நல்ல தண்ணீர் இல்லை. கதவுகளின் அடியில் சின்னச் சின்ன வடிகால் ஓட்டைகள் இருக்கும். சேறு அடைத்தால் தண்ணீர் கதவுக்குள்ளேயே நின்று துருவாக்கும். ஒரு ஈர்க்கால் குத்தி விடுங்கள். பழைய எஞ்சின் ஒயிலை அடியில் அடிக்கிற வழக்கத்தைக் கைவிடுங்கள். அது றப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுக்கும். அதற்கென்று விற்கிற அடிப்பூச்சை அடிப்பதே சரி.

றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடலாமா?

கூடாது. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் ஊறிய தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிற அதே காவிதான் றேடியேற்றரின் நுண்ணிய குழாய்களுக்குள்ளும் படியும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் பங்குனி வெயிலில் ஏசியோடு நிற்கும்போது சூட்டுமுள் ஏறும். ரொயோட்டாவுக்கு இளஞ்சிவப்பு நிறக் கூலன்ற், சுசுகிக்கு அந்தக் கம்பெனி சொல்வது. அவசரத்துக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு போத்தல் டிக்கியில் இருக்கட்டும்.

இரவில் ஓடுவது பற்றி?

கட்டாக்காலி மாடுகள். மழை பெய்து தரவையெல்லாம் ஈரமாகிவிட்டால், காய்ந்து இளஞ்சூட்டோடு இருக்கிற தார் வீதியில்தான் அவை வந்து படுக்கும். வல்லை வெளியிலும் ஏ9இல் பரந்தன், மாங்குளம் பக்கத்திலும் கறுத்த மாடு கறுத்த தாரில் கிடப்பது கிட்டப் போகும்வரை தெரியாது. சின்னக் காரின் முன்பகுதி குறுகியது, மாட்டின் பாரம் நேரே கண்ணாடிக்கு வரும். முன் விளக்குகளின் பிளாஸ்ரிக் மஞ்சளாகியிருந்தால் தேய்த்துத் துலக்குங்கள், வெளிச்சம் நன்றாகக் கூடும். ஈரப் பாதையில் இரவில் 60க்கு மேல் வேண்டாம்.

ஜப்பானில் பனி கொட்டுகிற பக்கத்தில் ஓடிய கார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஹொக்கைடோ போன்ற இடங்களில் பனியைக் கரைக்க வீதியில் உப்புப் போடுவார்கள். அந்தக் கார் மேலே மினுங்கும், கீழே துருவோடு வரும். இங்கே வந்து நம் உப்பும் சேர்ந்தால் கெதியாகப் போய்விடும். ஜப்பானில் காரை ஏலம் விடும்போது அதன் நிலையை எழுதிக் கொடுக்கிற ஏலத் தாளில் கார்ப் படத்தின் மேல் எஸ் என்ற எழுத்து இருந்தால் துரு, சி என்றால் அரிப்பு. தாள் இல்லாவிட்டால் காரைக் கராஜ் லிஃப்ற்றில் ஏற்றி, பின் அச்சையும் சஸ்பென்சன் பொருத்துகளையும் ரோர்ச் அடித்துப் பாருங்கள். அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் எதை மறைக்க என்று கேளுங்கள்.

மழை நாளில் கார் எங்கே நிற்க வேண்டும்?

வளவில் மேடான இடத்தில், மரத்துக்கு அடியில் இல்லாமல். வேப்பம் சருகும் மாவிலையும் வைப்பருக்குக் கீழே உள்ள வடிகாலை அடைத்தால், மழைத்தண்ணீர் ஏசிக் காற்றுவழியால் இறங்கி முன் இருக்கைக் காலடியை நனைக்கும். உட்தரைப் பாய் காரணமில்லாமல் ஈரமாக இருந்தால் முதலில் அங்கே பாருங்கள். வெள்ளத்துக்குப் பயந்த எலிகளும் எஞ்சினின் சூட்டைத் தேடி வரும். இரண்டு மூன்று நாள் ஓடாமல் நின்ற காரைப் பொனற்றைத் திறந்து பார்க்காமல் ஸ்ராற் பண்ணாதீர்கள்.